தூரிகையும் கைந்நடுக்கமும்

ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று மதுரைக்காஞ்சி சுட்டுகிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனோ 'சித்திரகாரப்புலி' என்னும் விருதுப் பெயரைச் சூடி மகிழ்ந்தான். அம்மரபுக்கு உரியவர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி நமக்கில்லை. வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த பழைய ஆனந்த விகடன் இதழ்களில் சில்பி வரைந்த கோயிற் சிற்பங்களைப் பார்த்து, மைதொட்டு எழுதும் பேனாவால் படியெடுத்துப் பழகியவர் நாம், அவ்வளவே. பின்னர் அரசுப் பணி தில்லிக்கு அழைத்து வந்தது. கோப்புகள் கையைப் பிடித்துக்கொண்டன; மைப்புட்டி காய்ந்து போயிற்று.

ஜனக்புரியில் டி.டி.ஏ. குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் நாம் வாழ்ந்துவருகிறோம். நம் அன்னையார் தம் இறுதிக் காலத்தை இங்கேதான் கழித்தார். வாசல் என்பது மாடிப்படி முடியும் இடத்தில் உள்ள சிறு சிமெண்டுத் தரை. மார்கழிப் பனிமூட்டத்தில், கம்பளிச் சட்டையின் கையை மேலே சுருட்டிக்கொண்டு, அந்தத் தரையிலும் அவர் கோலமிடத் தவறியதில்லை. மேல்மாடிப் பஞ்சாபிக் குடும்பத்தார் சுவரோரமாக ஒதுங்கி இறங்கிச் செல்வார்கள். அவர் விட்டுச் சென்றவற்றுள் நாம் பெரிதாகப் போற்றுவது, பென்சிலால் வரைந்த கோல நோட்டுப் புத்தகம் ஒன்று. அதன் தாள்கள் பழுத்து ஓரம் உதிரத் தொடங்கின. உடன்பிறந்தார் நால்வருக்கும் ஒவ்வொரு படி வேண்டும் என்ற ஆசையே நம்மை மீண்டும் வரைய வைத்தது.

பேரன் ஒரு வரைபலகையைக் கணிப்பொறியோடு இணைத்து, 'கிருதா' என்னும் மென்பொருளை நிறுவித் தந்தான். 2005இல் முதன்முதலாக வெளிவந்த இம்மென்பொருள் எவருக்கும் இலவசம். ஸ்வீடிஷ் மொழியில் அச்சொல்லுக்குச் சுண்ணக்கட்டி என்று பொருளாம். கோலம் வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன வேண்டும்?

கடையில் வாங்கிய தூரிகை வாங்கியபடியே இருக்கும். இந்தத் தூரிகையோ நாம் சொன்னபடி கேட்கும். திரையில் நாம் காணும் கோடு உண்மையில் கோடே அன்று. அடுத்தடுத்து வைக்கப்பெற்ற முத்திரைகளின் வரிசை. முத்திரைகளின் இடைவெளி தூரிகைப் பருமனில் பத்தில் ஒரு பங்காக இருந்தால் கோடு இழைகிறது. அதையே ஒன்றரை மடங்காக்கினால் கோடு உடைந்து புள்ளிகளாகிறது. அன்னையார் முதலில் புள்ளி வைத்துப் பின்னர் அவற்றைச் சுற்றிக் கம்பி இழுப்பார். இங்கோ ஓர் எண்ணை மாற்றினால் கம்பியே புள்ளியாகிவிடுகிறது!

அழுத்தத்தின் கதை இன்னும் சுவையானது. இக்காலப் பேனாக்களுட் சில 8192 படிநிலைகளில் அழுத்தத்தை உணர்கின்றன. ஓலை கிழியாமல் எழுத்தாணியை ஓட்டிய நம் முன்னோரின் விரல்கள் எத்தனை படிநிலை அறிந்திருந்தனவோ!

முதல் முயற்சியில் நம் குறை வெளிப்பட்டது. முதுமை தந்த நடுக்கம் ஒவ்வொரு வளைவிலும் பல்லிளித்தது. பேரன் 'ஸ்டெபிலைசர்' என்னும் அமைப்பை இயக்கினான். பேனா சென்ற பல இடங்களின் சராசரியைக் கணக்கிட்டு, சற்றே பின்தங்கி, வழுவழுப்பாகக் கோட்டை இழுத்துத் தரும் ஏற்பாடு அது. அளவைக் கூட்டக் கூட்ட நடுக்கம் மறைந்தது. மகிழ்ச்சியோடு ஏழு புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றை முடித்து, திருச்சியிலுள்ள தங்கைக்கு அனுப்பினோம். "அண்ணா, கோலம் அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் அம்மா போட்டதாக இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது மெய். அச்சில் வார்த்த கோலமாக அது இருந்தது. அன்னையாரின் கையை நினைவில் கொண்டுவந்து பார்த்தோம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவு வழியும்போது, கை விரைந்த இடத்தில் கோடு மெலியும். திருப்பத்தில் தயங்கிய இடத்தில் தடிக்கும். அப்படியானால் பருமனை ஆளவேண்டியது அழுத்தமன்று, வேகம்! மென்பொருளில் அதற்கும் வழி இருந்தது. பருமனை வேகத்தோடு பிணைத்தோம். மாவு சிதறுவதற்குச் சிறிது சிதறலும், சிமெண்டுத் தரையின் சொரசொரப்புக்கு ஒரு தளநயமும் சேர்த்தோம். ஸ்டெபிலைசரைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். பத்து நாள் மாலைகள் இவ்வாறு கழிந்தபின் ஒரு கோடு விழுந்தது. மாடிப்படித் தரையில் நாம் கண்ட கோடு.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோலம் உண்டு. அவர் தம் கடைசி மார்கழியில் வரைந்தது. அதன் வளைவுகள் எல்லாம் நடுங்கியிருந்தன. அதைத் திருத்தி வரைவதா, அப்படியே வரைவதா என்று நெடுநேரம் தயங்கினோம். அப்போது ஓவியர் கோபுலு நினைவுக்கு வந்தார். பக்கவாதம் வலக்கையைத் தாக்கியபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்ட பெருமகன் அவர். கை மாறினாலும் வரைபவர் மாறுவதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்தப் பக்கத்திற்கு மட்டும் ஸ்டெபிலைசரை அறவே நிறுத்திவிட்டு வரைந்தோம். அவர் நடுங்கிய இடங்களில் நம் கையும் தானாகவே நடுங்கியது. அன்றுவரை ஒளிக்க முயன்ற குறை அந்தப் பக்கத்தில் குறையாகத் தோன்றவில்லை.

நம் இளைஞர்கள் பிறர் ஆக்கிவைத்த தூரிகைகளை இறக்கிக்கொண்டு அப்படியே வரைவதைக் காண்கிறோம். தவறில்லை. ஆயினும் ஒரு முறையேனும் அமைப்புகளைத் திறந்து, தம் கைக்கேற்ப மாற்றிப் பார்க்க வேண்டும். தம் கையில் களைய வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்பதை அப்போதே அறிவார்கள்.

கடைசிப் பக்கம் திருச்சிக்குச் சென்றது. தங்கை ஒன்றும் எழுதவில்லை. மறுநாட்காலை அவள் வீட்டு வாசலின் நிழற்படம் மட்டும் வந்தது. அதே கோலம், அரிசி மாவில்.