உறைதலும் உருகுதலும்

பனிக்கட்டி பூச்சியம் பாகையில் உருகும்; ஈயம் 327 பாகையில் உருகும். ஒரு பொருளுக்கு ஓர் உருகுநிலை என்றே பள்ளி நூல்கள் கற்பிக்கின்றன. அப்பாடம் நடக்கும் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து, “ஐயா, ரப்பர் எத்தனை பாகையில் உருகும்?” என்று கேட்பானாயின், ஓர் எண்ணைச் சொல்லி அவனை அமர்த்திவிட முடியாது. நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கைப்பட உழைத்த பொருளைப் பற்றிய கேள்வி அது. விடையைச் சற்று விரிவாகவே காண்போம்.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் ஆய்வுத் தோட்டம் சுங்கை பூலோவில் பரந்து கிடந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மரவகையின் பெயரை ஆங்கில எழுத்தறியாத பால்வெட்டுத் தொழிலாளரும் சரளமாகச் சொல்வர். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்த பல்லாயிரவருள் என் தாயாரும் ஒருவர். அமிலமிட்டு உறையவைத்த பால் உருளைகளில் நசுங்கித் தகடாகும்; புகைக்கூடத்தில் காய்ந்து பழுப்பேறும். அத்தகடு எங்கள் ஊரில் என்றும் வளைந்துகொடுத்தது. அதுவே கடல் கடந்து குளிர்நாட்டுக் கிடங்கில் சில காலம் கிடந்தால், மரக்கட்டைபோல் விறைத்துவிடும்! அங்குள்ள ஆலைகள் அதனை வெப்ப அறையில் வைத்து இளக்கிய பின்னரே பிசைய முடிந்தது. தாம் திரட்டிய பொருளின் இந்த மறுகோலத்தை என் தாயார் கண்டதேயில்லை. விடியற்காலையிலும் 23 பாகை அளவில் நிற்கும் மண்ணில் அதனைக் காண வழியுமில்லை.

விறைப்புக்குக் காரணம் படிகமாதல். ரப்பரின் மூலக்கூறு, ஐசோப்பிரீன் என்னும் சிற்றலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நெடுஞ்சங்கிலி. இத்தகைய பொருளையே பாலிமர் என்கிறோம். சிக்கிய நூற்கண்டுபோல் கிடக்கும் இச்சங்கிலிகளின் சில பகுதிகள், குளிரில் மெல்ல ஒழுங்குபட்டு அடுக்காகின்றன. எஞ்சியவை சிக்கலாகவே நின்றுவிடுகின்றன.

அமெரிக்க நாட்டுத் தர நிர்ணயக் கூடத்தைச் சேர்ந்த உட், பெக்டால் என்னும் இருவர் இதனை அளந்து 1946இல் வெளியிட்டனர். அவர்கள் பின்பற்றிய முறை எளியது. படிகமாகும்போது ரப்பரின் பருமன் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும், உருகும்போது மீளும். ரப்பரைப் பாதரசம் நிறைந்த கண்ணாடிக் கலத்திலிட்டு, நுண்குழாயில் பாதரசம் இறங்குவதையும் ஏறுவதையும் குறித்துவந்தால் போதும். –25 பாகையை ஒட்டிப் படிகமாதல் மிக விரைவாக, சில மணி நேரத்திலேயே நிகழ்கிறது. பூச்சியம் பாகையிலோ பல நாட்கள் செல்கின்றன. அதனினும் வியப்பானது உருகும் விதம். எந்த வெப்பநிலையில் உறைந்ததோ, அதற்குச் சில பாகைகள் மேலேயே ரப்பர் உருகத் தொடங்கிவிடுகிறது. கடுங்குளிரில் உறைந்தது முந்தி உருகும். மென்குளிரில் பொறுமையாக உறைந்தது பிந்தி உருகும்.

இதன் உட்பொருள், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரூ கெல்லர் 1957இல் பாலித்தீன் படிகங்களை ஆராய்ந்தபோது தெளிவாயிற்று. நெடுஞ்சங்கிலி புடவை மடிப்பதுபோல் மடிந்து மடிந்து மெல்லிய தகடாகிறது. மடிப்பு குறுகியதாயின் தகடு மெலிந்திருக்கும். மெலிந்தது எளிதில் உருகும். விரைந்து உறைந்த படிகத்துக்கு நீண்ட மடிப்புக்கு நேரமேது?

உருகும் வேகத்தை அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. மெல்லச் சூடேற்றினால், மெலிந்த தகடு உருகும்போதே மீண்டும் தடித்த தகடாகப் படிந்துகொள்கிறது; நாம் அளப்பது பழைய படிகத்தையன்று, புதியதை. விரைந்து சூடேற்றினாலோ, சங்கிலிகள் பிரிந்து வெளிவர நேரமின்றி, உருகவேண்டிய நிலையைக் கடந்தும் படிகமாகவே நிற்கும். கேட்கும் வேகத்திற்கேற்ப விடை மாறுகிறது! எனவே ஆய்வாளர் ஒரே மாதிரியைப் பல வேகங்களில் சூடேற்றி ஒப்பிடுகின்றனர். 1960களில் வெப்ப ஏற்பை நேரடியாக வரைந்துகாட்டும் கருவி வந்தது. இன்றோ வினாடிக்கு ஆயிரக்கணக்கான பாகை சூடேற்றும் நுண்சில்லுகளும் உள்ளன.

தமிழில் உருகுதல், இளகுதல், நெகிழ்தல், குழைதல் எனச் சொற்கள் பல உள்ளன. உறைந்த ரப்பருக்கு ‘இளகுதல்’ என்பதே பொருந்துமென்பது என் கருத்து. படிகம் மறைந்தபின்னும் அது நீராய் ஓடுவதில்லை.

கேள்வி கேட்ட மாணவனுக்குக் குளிர்நாடு தேவையில்லை. ஒரு ரப்பர் வளையத்தைச் சட்டென நன்கு இழுத்து மேலுதட்டில் வைக்கச் சொல்லலாம், வெதுவெதுப்பாக இருக்கும். ஜான் காஃப் என்னும் கண்பார்வையற்ற ஆங்கில அறிஞர் 1805இல் இவ்வெப்பத்தைப் பதிவு செய்தார். மிகுதியாக இழுபட்ட ரப்பர் நம் வெயிலிலும் படிகமாகிறது என்பதை 1925இல் காட்ஸ் ஊடுகதிரால் காட்டினார். இழுத்ததைச் சற்று நேரம் பிடித்திருந்து, சட்டென விட்டு, மீண்டும் உதட்டில் வைத்தால் குளிரும். சங்கிலிகள் பழைய சிக்கலுக்குத் திரும்புவதோடு, இழுப்பில் விளைந்த படிகங்களும் அக்கணத்திலேயே உருகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆலையின் வெப்ப அறையில் நாட்கணக்கில் நடப்பது, அவன் விரல்களுக்கிடையே இமைப்பொழுதில் நடந்து முடிந்துவிடுகிறது.