ஜாலரா எங்கே போச்சு?

உங்க வீட்டுப் பரண்ல ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஓடாத மிக்ஸி, அண்ணனோட பழைய பேட், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த டீ செட்... இதுக்கெல்லாம் பின்னாடி தூசி படிஞ்சு ரெண்டு மரப்பெட்டி உட்கார்ந்திருக்கா? இருந்தா, எடைக்குப் போட்டுடாதீங்க. முதல்ல இதைப் படிச்சிடுங்க, ப்ளீஸ்!

கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ல எங்க வீடு. அப்பா ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1988 தீபாவளி போனஸ்ல அவர் அசெம்பிள் பண்ணி வாங்கின ஸ்டீரியோ செட் ஒண்ணு எங்க வீட்ல உண்டு. ஒரு டேப் டெக், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஆளுக்குப் பாதி உயரத்துல ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். "முதல்ல செட்டு வந்துச்சு, அப்புறம்தான் உங்கம்மா வந்தா"னு பெருமையா சொல்லுவார். (அம்மா முறைக்கிறது தனிக்கதை!)

ஆனா, எனக்கு விவரம் தெரிஞ்சதுல இருந்து அந்த செட் ஒழுங்காப் பாடி நான் கேட்டதில்லை. பேஸ் வர்ற இடத்துல 'கர்ர்ர்'னு இருமும். பாடறவங்க எல்லாம் கம்பளிக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கும். போன வருஷம் செமஸ்டர் லீவுல வீட்டுக்கு வந்தப்போ, "பழைய இரும்புக்காரர் வந்தா போட்டரலாம் கண்ணு, எடத்த அடைச்சுட்டு நிக்குது"ன்னாங்க அம்மா. அப்பா ஒண்ணும் சொல்லலை. டி.வி-யை இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சுக்கிட்டார். அவருக்கு எப்பவுமே டி.வி. சத்தமா இருக்கணும்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பொண்ணு வீட்ல இருந்துக்கிட்டு, ஒரு ஸ்பீக்கரைக் காயலான் கடைக்கு அனுப்பினா மானம் என்னாகிறது? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டேன்.

முன்பக்கத் துணி வலையைக் கழட்டி, 8 இன்ச் வூஃபரோட ஓரத்தை விரலால தொட்டேன். அவ்வளவுதான்... கறுப்பா, பிசுபிசுனு தூளா கையோட வந்துடுச்சு. பேப்பர் கோனுக்கும் இரும்பு ஃபிரேமுக்கும் நடுவுல வளையமா ஒரு ஃபோம் இருக்கும். கோன் முன்னும் பின்னும் ஆடும்போது அதைப் பிடிச்சுக்கிறது அதுதான். பாலியூரித்தேன்ல செய்யற பொருள். காத்துல இருக்கிற ஈரமும் சூடும் வருஷக்கணக்கா அதைத் தின்னுடும். பாட்டே போடாம மூடி வெச்சிருந்தாலும் 15, 20 வருஷத்துல உதிர்ந்துடும். 'கர்ர்ர்' இருமலுக்குக் காரணம் அதுதான்.

'பழசைத் தூக்கிப் போட்டுட்டு ரப்பர் எட்ஜ் வெச்ச புது வூஃபரா மாட்டிடுவோம்'னு கெத்தா முடிவு பண்ணி, காந்திபுரம் பக்கம் ஒரு ரீகோன் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் என் வூஃபரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோனை விரலால அழுத்திக் காதைக் கிட்ட வெச்சுக் கேட்டார்.

"காயில் நல்லா இருக்குதுங்க அம்மிணி. கோனும் கிழியலை. ஃபோம் மட்டுந்தான் போச்சு. இதுக்கு எதுக்குங்க புது வூஃபர்?"

"புதுசு போட்டா இன்னும் நல்லாக் கேக்கும்ல அண்ணா?"

"அளவெடுத்துத் தைச்ச சட்டைங்க இது. உள்ளே ஆளை மாத்தினா சட்டை சேருமுங்களா?"

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினப்போதான் அவர் சொன்னதோட அர்த்தம் புரிஞ்சுது. ஒரு பெட்டியோட கொள்ளளவு, அதுக்குள்ள உட்கார்ற வூஃபரோட எடை, விறைப்பு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. ரப்பர் ரொம்ப நாள் உழைக்கும்ங்கிறது நிஜம்தான். ஆனா, ஃபோமைவிட கனம். ஃபோமுக்காக செஞ்ச மெல்லிசான கோன்ல அதை ஒட்டினா, கோன் ஆடற விதமே மாறிடும். இன்னொரு விஷயம்... 8 ஓம்ஸ் இருந்த இடத்துல தெரியாம 4 ஓம்ஸ் வூஃபரை மாட்டினா, பழைய ஆம்ப்ளிஃபையர் சூடாகிப் படுத்துடலாம். அதனால வேண்டியதை மட்டும் மாத்தறதுனு முடிவாச்சு.

நீங்களும் செய்யப்போறீங்கன்னா, நோட் பண்ணிக்கோங்க. ஃபோம் வளையம் வாங்கும்போது '8 இன்ச்'னு மட்டும் சொன்னா போதாது. கோனோட விட்டம், ஃபிரேமோட உள் விட்டம் ரெண்டையும் மில்லிமீட்டர்ல அளந்துட்டுப் போங்க. பழைய பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால பொறுமையாத் துடைச்சு எடுக்கணும். அவசரப்பட்டா கோன் கிழியும். புது வளையத்தை ஒட்ட, மெதுவாக் காயற வெள்ளைப் பசைதான் நல்லது. ஏன்னா, ஒட்டின பிறகும் நகர்த்தி சரிபண்ண டைம் கிடைக்கும். கோனுக்குப் பின்னாடி இருக்கிற காயில், காந்தத்துக்கு நடுவுல ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில ஆடுது. துளி சாய்ஞ்சாலும் உரசும். ரெண்டு கையாலயும் கோனை மெதுவா அழுத்திப் பாருங்க. உரசல் சத்தம் வரலைன்னா, ஒரு நாள் முழுக்கத் தொடாம காய விடுங்க.

அடுத்தது ட்வீட்டர். கீச்சுக் குரல் எல்லாம் அது வழியாத்தான் வரணும். அதோட வாசல்ல காவலுக்கு நிக்கிற ஒரு கெப்பாசிட்டர், கனமான பேஸை உள்ளே விடாம தடுக்கும். எங்க பெட்டியில இருந்தது 4.7 மைக்ரோஃபாரட், எலக்ட்ரோலைட்டிக் டைப். உள்ளே ஈரப்பசை இருந்தாத்தான் இந்த டைப் வேலை செய்யும். இத்தனை வருஷத்துல அது காய்ஞ்சு, மதிப்பும் மாறிப் போயிருந்துச்சு. கம்பளிக்குள்ள இருந்து பாடின ரகசியம் இதுதான்! சென்னையில படிக்கிற ஃப்ரெண்டைப் பிடிச்சு, ரிச்சி தெருவுல இருந்து அதே 4.7-ல பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர் ரெண்டு வாங்கி அனுப்பச் சொன்னேன். காய்ஞ்சு போக இதுக்குள்ள எதுவும் கிடையாது. சைஸ்தான் பழசைவிடக் குண்டு. பலகையில இடம் பார்த்து, ஆடாம ஒட்டிக்கணும்.

சும்மா இருக்காம கணக்கும் போட்டுப் பார்த்தேன். 8 ஓம்ஸ், 4.7 மைக்ரோஃபாரட்... கிட்டத்தட்ட 4,230 ஹெர்ட்ஸ் வந்துச்சு. அந்த இடத்துக்கு மேல இருக்கிறதெல்லாம் ட்வீட்டரோட ராஜ்ஜியம். இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வரும்.

வயருக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணச் சொல்லி யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. 1.5 சதுர மில்லிமீட்டர் சாதா செப்பு வயரே வீட்டு ஹாலுக்கு தாராளம். பச்சை பிடிச்சிருந்த கனெக்‌ஷன்களைத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கினேன். எல்லாத்தையும் மாட்டி ஆன் பண்ணினா... பேஸ் மொத்தமா காணோம்! முன்னாடியாவது இருமிச்சு, இப்போ அதுவும் இல்லை. அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க...

ராத்திரி முழுக்க மண்டையைப் பிய்ச்சுக்கிட்டேன். ஒரு பெட்டியில ப்ளஸ், மைனஸ் மாத்தி மாட்டியிருக்கேன். ஒரு கோன் முன்னாடி வரும்போது இன்னொண்ணு பின்னாடி போனா, பேஸ் ஒண்ணையொண்ணு அழிச்சுடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி செல் போதும். வூஃபரோட ப்ளஸ்ல ப்ளஸ் முனையை ஒரு நொடி தொட்டா, கோன் வெளியே தள்ளணும். உள்ளே போனா தலைகீழ்.

மறுநாள் காலையில சரிபண்ணி, மார்கழி பஜனை கேசட் ஒண்ணைப் போட்டேன். அடடா! மிருதங்கம் தரையில அதிருது. பக்கத்துலயே ஜாலரா 'ச்சிங்... ச்சிங்...'னு தனியா மின்னுது. (அந்த ஜாலரா இல்லீங்க, நிஜ ஜாலரா!) சமையல்கட்டுல இருந்து அம்மாவே வெளியே வந்து நின்னுட்டாங்க.

அப்பாவை இழுத்துட்டு வந்து நடுவுல உட்கார வெச்சேன். அவர் எழுந்து போய் வூஃபர் மேல உள்ளங்கையை வெச்சார். "திம்முனு வருது அம்மிணி! அன்னைக்கி வாங்கினப்ப இப்படித்தான் இருந்துச்சு." முகமெல்லாம் சிரிப்பு.

"ஜாலரா எப்படிங்கப்பா இருக்கு?"

"ஜாலராவா? அது எங்க வருது?"

வெளையாடறார்னு நினைச்சேன். ட்வீட்டர் பக்கத்துல காதைக் கொண்டு போகச் சொன்னேன். "இது இன்னும் ரிப்பேராத்தான் இருக்குது போல. பரவால்ல உடு, பாட்டு நல்லாத்தான இருக்குது"ன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஃபோன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் இறக்கி, ஆம்ப்ளிஃபையர்ல சொருகி, சத்தத்தை அளவா வெச்சு, 500 ஹெர்ட்ஸ்ல இருந்து மெதுவா ஏத்திக்கிட்டே போனேன். 1,000... 2,000... தலையாட்டினார். 3,000 தாண்டினதும் கையை விரிச்சார். 4,000-ல எனக்கும் அம்மாவுக்கும் காது கூசுது. அவர் ஜன்னல் வழியா தெருவைப் பார்த்துட்டிருக்கார்.

அடுத்த வாரம் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். கதவு மூடின சின்ன ரூம்ல உட்கார வெச்சு டெஸ்ட் எடுத்தாங்க. கிராஃப்ல கோடு 2,000 வரைக்கும் சுமாரா வந்து, 4,000 கிட்ட கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இறங்கியிருந்துச்சு. "எங்க வேலை பார்த்தீங்க?"ங்கிறதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. முப்பது வருஷத்துக்கு மேல ஸ்பிண்டில் இரைச்சலுக்குள்ள நின்ன காது. இரைச்சல் பாதிப்பு பெரும்பாலும் 3,000-ல இருந்து 6,000 ஹெர்ட்ஸுக்குள்ளதான் ஆரம்பிக்குமாம். வயசு ஏற ஏற அதுக்கு மேல இருக்கிறதும் போகும். அப்பா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுதான் வேலை செஞ்சாராம். வெறும் பஞ்சு இரைச்சலைப் பெருசா தடுக்காதுனு டாக்டர் சொன்னார்.

4,230 ஞாபகம் இருக்கா? அந்த ஸ்பீக்கர்ல ட்வீட்டர் பாட ஆரம்பிக்கிற இடத்துலயே அப்பாவுக்குக் கேக்கறது நின்னு போயிருந்துச்சு.

இதுல எனக்கு வலிச்சது வேற. 'ச', 'ஸ', 'த', 'ப' மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டற சத்தம் எல்லாம் அந்த உயரத்துலதான் இருக்கு. வர்றது குரல்தான்னு தெரியும், வார்த்தை புரியாது. "உங்கப்பாவுக்கு நான் சொல்றது எதுவும் காதுல ஏறாது"ன்னு அம்மா எத்தனை வருஷமா புலம்பியிருப்பாங்க? நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன். ஹாஸ்டல்ல இருந்து ஃபோன் பண்ணினா, ரெண்டு வார்த்தை பேசிட்டு "இந்தா, அம்மாகிட்ட பேசு"ம்பார். பேச விருப்பமில்லைன்னு நினைச்சிருந்தேன்.

ஃபோம் போனா வளையம் கிடைக்குது. கெப்பாசிட்டர் போனா ரிச்சி தெரு இருக்கு. ஆனா, ஒரு காதுக்குள்ள பிறக்கும்போதே எண்ணிக் கொடுத்த மாதிரி சுமார் 15,000 மயிரிழை செல்கள்தான். அதுல போனது மறுபடி முளைக்காது. ஹியரிங் எய்ட் மாட்டிக்கலாம், அது மிச்சம் இருக்கிறதை வெச்சு சமாளிக்கிற உதவி.

"எனக்கென்ன செவிடா?"னு ரெண்டு மாசம் மறுத்தார். அப்புறம் அம்மா ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து என்னமோ பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு எனக்குச் சொல்லலை. மாட்டிக்கிட்டார். முதல் வாரம் பாட்டெல்லாம் தகரத்தைத் தட்டற மாதிரி இருக்குன்னு புலம்பல். பேச்சுக்காக செட் பண்ணினது இசைக்கு ஒத்து வராதாம். ஆடியாலஜிஸ்ட் மேடம் பாட்டுக்குனு தனியா ஒரு புரோகிராம் வெச்சுக் கொடுத்தாங்க.

அன்னைக்கு சாயங்காலம் அவரே கேசட்டைத் தேடி எடுத்தார். இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்', 1986-ல வந்த ஆல்பம். வி.எஸ்.நரசிம்மனோட வயலின். அப்பா கண்ணை மூடிக் கேட்டுட்டிருந்தார். பாதியில என்னைக் கூப்பிட்டார். "வில்லு கம்பியில தேயற சத்தம்கூட வருதே அம்மிணி... இது முன்னாடியே இதுல இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கப்பா."

பஜனை கேசட் ஜாலரா இன்னும் அவருக்கு முழுசா வரலை. 'லேசா வருது'ங்கிறார். அது நிஜமா, எனக்காகச் சொல்றதானு தெரியலை.

சரி, இப்போ உங்க விஷயத்துக்கு வருவோம். உங்க காதுல இப்போ இயர்போன் இருக்கா? எவ்வளவு சத்தத்துல? உலக சுகாதார நிறுவனம் 2019-ல ஒரு கணக்கு சொல்லியிருக்கு. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிடும். 90-க்கு ஏத்தினா, வாரம் முழுக்கச் சேர்த்து 4 மணி நேரம்தான். எங்கப்பாவுக்கு மில்லுல சத்தத்தைக் குறைக்கிற பட்டன் இல்லை. உங்க கையில இருக்கு.

இந்த ஞாயித்துக்கிழமை பரண்ல ஏறுங்க. அந்தப் பெட்டியை இறக்கி, துடைச்சு, ஃபோமைத் தொட்டுப் பாருங்க. சரிபண்ணி முடிச்சதும் அப்பாவையோ தாத்தாவையோ முன்னாடி உட்கார வெச்சு ஒரு பாட்டு போடுங்க. "நல்லா இருக்கா?"னு மட்டும் கேக்காதீங்க. "என்னென்ன கேக்குது?"னு கேளுங்க.