ஒரு கொக்கியைத் தேடி...

மோட்டார் கார் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது இரும்புக் கூரைதான். மழைக்கு மூடவும் மாலைக் காற்றுக்குத் திறக்கவும் ஏற்ற துணிக்கூரை கொண்ட கார்கள் ஒரு காலத்தில் நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடின. நம் பிள்ளைகள் அவற்றைப் படங்களில்தான் பார்த்திருப்பர். அத்தகைய வண்டி ஒன்று மேலூரில் என் மாமியின் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. காலஞ்சென்ற என் தாய்மாமாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. அதன் கூரையைப் பூட்டும் ஒரு கொக்கிக்காகச் சென்ற ஆண்டு மதுரை, சென்னை, திண்டுக்கல் என மூன்று ஊர்களிலும் அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றவை வாசகர்களுக்கும் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஹெரால்டு, 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் என்னும் பெயருடன் பிறந்த வண்டி. அதற்கு வடிவம் தந்தவர் இத்தாலியரான மிக்கேலொட்டி. சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. அடிச்சட்டம் தனி, மேலுடல் தனி என்பது இவ்வண்டியின் சிறப்பு. கூரைகூட போல்ட்டுகளால் பொருத்தப்பட்டதே. ஆகவே விரும்பியவர் கூரையைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்த இயன்றது. ஹெரால்டுக்குப் பின் அந்நிறுவனம் 1972இல் 'கெஸல்' என்னும் காரை வெளியிட்டது. மானைக் குறிக்கும் அச்சொல், 'கஸால்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகும். 1980களின் இறுதியில் அந்நிறுவனத்தின் கார் உற்பத்தி நின்றது. அன்றுமுதல் உதிரி கேட்டுப் போவதற்கு வாசலும் இல்லாமற் போயிற்று.

மாமா பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கே ஓடிய ஹெரால்டுகளின் மடிக்கூரையைக் கண்டு ஆசை கொண்டு, அதன் கம்பிச் சட்டம் ஒன்றை வாங்கி, ராஜுலா கப்பலில் நாகப்பட்டினம் கொண்டுவந்து இறக்கினார். மதுரையில் பாடி கட்டும் ஆசாரி ஒருவர் அதைச் சற்று மாற்றித் தம் வண்டியில் பொருத்தித் தந்தார் என்று மாமா பெருமையுடன் சொல்வார்.

அது வீண் பெருமைக்கான வண்டியாக இருந்ததில்லை. எங்கள் தெருவில் வேறு கார் இல்லாத நாட்களில் பிரசவ வலி கண்ட பெண்களை மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது அதுதான். என் தங்கை பிறந்ததும் ஓர் ஐப்பசி இரவில். கொட்டும் மழையில் மாமா கூரையைப் பூட்டி வண்டியை எடுக்க, மாமி பின்னிருக்கையில் என் அம்மாவின் தலையை மடியில் தாங்கிச் சென்றாராம். "இந்த வண்டி வாடகை வாங்கினதே இல்லை" என்று மாமி இன்றும் சொல்வார்.

மாமாவின் மறைவுக்குப் பின் வலப்பக்கக் கொக்கி உடைந்து போயிற்று. அப்பக்கத்துக் கீலும் தேய்ந்து ஆடியது. கூரை இறுகப் பூட்டாததால் மழைநீர் உள்ளே இறங்கித் தளத்தகடு துருப்பிடிக்கத் தொடங்கியது. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான், "அடுத்த மழைக்குள் சரியாகாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அடிச்சட்டம் அரித்துவிட்டால் பின்னர் எதைக் காப்பது? மாமி மறுமொழி ஏதும் கூறாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை வீட்டை விட்டுக் கிளப்பியது.

கூரையைக் காப்பது துணி என்றே நாம் எண்ணுகிறோம். துணி கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். மதுரையில் அதற்குத் தையற்காரர்கள் உண்டு. துணியை விறைப்பாக நிறுத்துவன வளைகம்பிகள். அவற்றை மடிய வைப்பன கீல்கள். முன்கண்ணாடியின் மேல்விளிம்போடு பற்றிப் பிடிப்பன இரு கொக்கிகள். கொக்கியின் நெம்புகோலை அழுத்தும்போது முதலில் எதிர்ப்புக் காட்டும். நடுக்கோட்டைத் தாண்டியதும் துணியின் இழுவிசையே அதைப் பூட்டிவிடும். இந்தத் தாண்டுதல் ஒரு நூலளவு குறைந்தாலும் ஓடும்போது காற்று கூரையைத் தூக்கிவிடும்.

மதுரையின் உதிரிபாகக் கடைகளில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினேன். கொக்கி கிடைக்கவில்லையாயினும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. சட்டத்தின் போல்ட்டுகள் அங்குல அளவின. நம் நாடு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுக்கு மாறியது. இன்று கடையில் கிடைப்பன பெரும்பாலும் மில்லிமீட்டர் போல்ட்டுகளே. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மரை வேறு. வலிந்து முறுக்கினால் இரண்டு சுற்று ஏறும். அதன்பின் மரை அழிந்து, பழைய துளையும் பாழாகும். "கையால் ஏறாத போல்ட்டைச் சாவியால் ஏற்றாதீங்க பாய்" என்றார் கடை முதியவர். அங்குல மரை போல்ட்டுகள் நான்கை அவரே ஒரு பழைய டப்பாவிலிருந்து தேடி எடுத்துத் தந்தார்.

அடுத்துச் சென்னை புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அத்தெருக்களில் அம்பாசடர், ஃபியட் உதிரிகள் அகப்பட்டன; ஜீப்பின் படுதாக் கம்பிகளும் அகப்பட்டன. ஹெரால்டின் மடிக்கூரைக் கொக்கி அகப்படவில்லை. இங்கிலாந்தில் ட்ரையம்ப் வண்டிகளுக்கென்றே உதிரி விற்போர் உள்ளனர். ஆனால் எங்கள் சட்டமோ மதுரை ஆசாரியின் கைபட்டு மாறியது. கடல் கடந்து வரும் கொக்கி இந்தத் துளைகளில் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. அனுப்புக்கூலியும் சுங்கமும் வேறு.

ஊர் திரும்பும் வழியில்தான் ஓர் எண்ணம் தோன்றியது. கொக்கி என்பதும் ஒருவகைப் பூட்டுத்தானே! பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல், மதுரையிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில்தானே இருக்கிறது! மறுவாரம் உடையாத இடப்பக்கக் கொக்கியைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு அங்கே சென்றேன். இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, நெம்புகளைக் கையாலேயே பொருத்தும் முதியவர் ஒருவரிடம் என்னை வழிகாட்டி அனுப்பினர்.

அவர் கொக்கியை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாய், இதை அப்படியே செஞ்சா இன்னொரு இடக்கைதான் வரும். உங்களுக்கு வேண்டியது வலக்கை" என்றார். பின்னர் ஒரு தகரத்தில் அதன் உருவை வரைந்து வெட்டி, அத்தகரத்தைக் கவிழ்த்து வைத்து இரும்பில் கோடிட்டார். வளைவு, துளை, சரிவு யாவும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் எதிர்ப்புறமாக அமைந்தன. நாள் முழுவதும் அரம் ஓடியது. இடையிடையே நெம்புகோலை அழுத்திப் பார்த்து, நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தைச் செவியால் கேட்டே சரிசெய்தார். ஆடிய கீலின் துளையையும் வட்டமாகக் கடைந்து, அதில் ஒரு பித்தளைப் புஷ் இறக்கச் சொன்னார். மதுரை லேத் பட்டறையில் அது அரைமணி வேலையாக முடிந்தது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அம்முதியவரின் பட்டறையில் அவருக்கு உதவ எவரும் இல்லை. மகன்கள் இருவரும் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டனர். "இந்த அரத்தைப் பிடிச்சு அவங்க வீட்டு வாடகை கட்ட முடியுமா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. தொழிலைப் புகழ்கிறோம், தொழிலாளிக்கு உரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்கிறோம். அவர் கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுத்து, மாற்றுக்கென இன்னொரு கொக்கியும் செய்யச் சொன்னேன்.

மழைக்கு முன்னரே கூரை பூட்டிக்கொண்டது. மச்சான் தொலைபேசியில் ஒலியைக் கேட்க வேண்டும் என்றார். மாமியே நெம்புகோலை அழுத்தினார், 'டக்'கென்று விழுந்தது. பழைய இரும்புப் பேச்சு அத்துடன் நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டியின் தையல் இயந்திரமோ தாத்தாவின் இரும்புப் பெட்டியோ ஓர் உதிரி இன்மையால் மூலையில் கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் கைத்தொழிலாளி ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதுவே அளவு, அதுவே படம். நாங்கள் அந்தத் தகர அச்சின் ஒரு புறத்தில் 'இடம்' என்றும் மறுபுறத்தில் 'வலம்' என்றும் எழுதி, போல்ட்டின் அளவையும் குறித்து, மாற்றுக் கொக்கியோடு வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அடுத்து அந்த வண்டியைக் காக்கப் போகிறவர் எவராயினும் மூன்று ஊர்கள் அலைய வேண்டியதில்லை.