குடவோலையில் வந்த சைக்கிள்

உத்திரமேரூர்க் கடையில், முன்னும் பின்னும் சுருள்வில் பொருத்திய மலைச் சைக்கிளைக் கண்டதும் எங்களிருவருக்கும் ஆசை பொங்கிற்று. சரிவில் குதித்திறங்கும்போது அதிர்ச்சியை அவ்வில்கள் வாங்கிக்கொள்ளுமாம். எங்களூரில் சரிவு ஏது? ஏரிக்கரை ஒன்றுதான்! சமதரையிலோ மிதிக்கும் பலத்தில் சிறிதை வில்லே விழுங்கிவிடும். ஆயினும் மனம் கேட்கவில்லை. மலைச் சைக்கிளா, பெண்கள் சைக்கிளா என்று குடவோலை போட்டோம். மலைச் சைக்கிளே வந்தது!

அப்பா சிரித்தார். "கி.பி. 921 கல்வெட்டு என்ன சொல்கிறது? வயது 35க்கு மேல், 70க்குள். நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். தகுதி பார்த்த பிறகுதானே குடத்தில் ஓலை? இதில் கேரியர் எங்கே? செயின் மூடி எங்கே?"

சென்ற ஆண்டு எங்களில் ஒருத்தியின் பாவாடை செயினில் சிக்கிக் கை முறிந்தது. வாய் திறக்கவில்லை. அவர் கையிலிருந்ததோ வேர்க்கடலை விற்ற பணம்.

பெண்கள் சைக்கிளே வாங்கினோம். ஏரிக்கரைச் சரிவில் மட்டும் பின்னாலிருப்பவள் இறங்கி நடப்பாள்.