ராத்திரிக்கான ஊசி

மே 3

வெறும் வயிற்றில் அம்மாவின் சர்க்கரை 212. மாத்திரையை இதற்கு மேல் கூட்ட வழியில்லை என்று டாக்டர் கிளார்ஜின் இன்சுலின் எழுதிக்கொடுத்துவிட்டார். ராத்திரி படுக்கும் முன் 10 யூனிட். அம்மாவுக்கு முகமே விழுந்துவிட்டது. "ஊசி வந்துட்டுன்னா அப்புறம் என்னட்டி இருக்கு" என்று திருநெல்வேலி வந்து சேரும்வரை பஸ்ஸில் அதே பேச்சு. எங்கள் தெருவிலும் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். நம்பி, ஊசியைத் தள்ளிப்போட்டு, கண்ணையும் காலையும் கெடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. பல வருஷம் சர்க்கரையோடு இருக்கிற உடம்பில் கணையம் சோர்ந்துபோவது அந்த நோயின் போக்கு. அதில் அம்மாவின் குற்றம் எதுவும் இல்லை.

மே 4

"ராத்திரி ரெண்டு இட்லிதானே தின்னேன், காலையில எப்படி இவ்வளவு ஏறுது?" என்கிறாள் அம்மா. நியாயமான கேள்வி. நாம் தூங்கும்போதும் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மூளைக்கு அது வேண்டும். கல்லீரல் விடுவதை அளவோடு நிறுத்துவது இன்சுலின். அது போதாதபோது கல்லீரல் வாரி இறைக்கிறது. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் அதை இன்னும் தூண்டிவிடுகின்றன. கிளார்ஜின் போன்ற நெடுநேர இன்சுலினுக்கு வேலை இங்கேதான், இட்லியிடம் இல்லை.

மே 6

பழைய இன்சுலின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 1936-ல் டென்மார்க்கின் ஹாகெடோர்ன், மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து அதை மெதுவாக்கினார். 2000-த்தில் சந்தைக்கு வந்த கிளார்ஜினில் இன்சுலின் மூலக்கூற்றையே மாற்றிவிட்டார்கள். பேனாவுக்குள் அமிலத்தில் கரைந்து தெளிவாக இருக்கிறது. தோலுக்கடியில் போனதும் அந்த அமிலத்தன்மை தணிய, நுண்ணிய துகள்களாகப் படிந்து, சுமார் 24 மணி நேரம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைகிறது. வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் இதைக் கலக்கக்கூடாது என்பதும் இதனால்தான். எத்தனை பேருடைய உழைப்பு இந்தச் சின்னப் பேனாவில் இருக்கிறது!

மே 15

மூன்று நாளைக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். இப்போது 18. காலை அளவு 151. கூட்டுவதா வேண்டாமா என்பதைக் காலை எண் மட்டுமே சொல்கிறது. வயிற்றில் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கட்டி தட்டி மருந்து சரியாக ஏறாது; தினமும் இடம் மாற்றுகிறோம்.

மே 17

பக்கத்து வீட்டு மதினி இன்சுலின் குப்பியும் சிரிஞ்சும் வாங்கி வந்திருந்தாள். ரெண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டேன். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் இரண்டும் கிடைக்கின்றன. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உடம்புக்குள் போய்விடும். கடையில் கொடுக்கும்போதே இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

வெயில் தாங்கவில்லை. திறக்காத பேனாக்களை ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் வைத்திருக்கிறேன், ஃப்ரீசரில் ஒருபோதும் இல்லை. ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உதவாது.

மே 29

நேற்று கிருத்திகை. அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. மாத்திரையையும் ஊசியையும் மட்டும் விடவில்லை. விடியற்காலை 4 மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி என்னை எழுப்பினாள். 61. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துப் பார்த்தேன்: 94. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் 22-லிருந்து 20 யூனிட்டாகக் குறைத்தார். விரதம் இருப்பதென்றால் முந்தின நாளே கேட்க வேண்டும், மாத்திரையின் அளவும் மாறும் என்றார்.

ஜூன் 14

காலையில் 116. மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 248. "ஊசியை இன்னும் கூட்டிப் போடு" என்று சித்தி போனில் சொல்கிறாள். டாக்டர் சம்மதிக்கவில்லை. சோற்றால் ஏறுவதை ராத்திரி ஊசியால் இறக்கப் பார்த்தால் விடியற்காலையில் மறுபடியும் 61 வரும் என்றார். ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, சோற்றைக் குறைப்பதா, சாப்பாட்டு நேரத்துக்கு வேறு மருந்து சேர்ப்பதா என்று முடிவு செய்வார். அம்மா இன்றே கரண்டிக் கணக்கில் சோறு போடச் சொல்லிவிட்டாள்.