மண்ணெண்ணெய்க் காலமும் ஒரு பழைய அக்வாவும்

அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்து பொருந்திய பிறகு முச்சக்கர வண்டிப் பயணம் அவருக்கு ஒரு தண்டனையாகிவிட்டது. நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் என் கையைப் பற்றுவார், முனகமாட்டார். அந்த முனகாமைதான் எனக்குத் தாங்க முடியாதிருந்தது. கார் வாங்கும் பேச்சு அப்படித்தான் வீட்டில் தொடங்கியது. ஓய்வூதிய ஆசிரியனின் கையில் பெரிதாக என்ன இருக்கும்? அப்பா விட்டுப்போன வடலிக் காணி நான்கு பரப்பு இருக்கிறது. அதை வாங்க ஒருவர் காத்திருக்கிறார்.

நான் பார்க்கப்போனது 2012 ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா ஒன்றை. விலை 62 இலட்சம். பதின்மூன்று ஆண்டு ஓடிய வாகனத்துக்கு இவ்வளவா என்று வெளிநாட்டிலிருக்கும் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த கதவின் முன்னே வரி ஒரு மதில்போல நின்றது. ஆகவே முன்னரே வந்திறங்கிய யப்பானியப் பழைய கார்களே கைமாறிக் கைமாறி விலையேறிக்கொண்டிருந்தன.

வாங்கலாமா என்ற யோசனையோடு இரவில் அந்த இயந்திரத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, இது எனக்குப் புதியதல்ல என்றே தோன்றியது. ஹைபிரிட் என்பதைக் கலப்பினம் என்கிறார்கள். நெல்லுக்கும் ஆட்டுக்கும் சொன்ன சொல். எங்கள் வீட்டில் ஒரு கலப்பினக் கார் முன்பே நின்றது. அப்பாவின் ஒஸ்ரின் ஏ40. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் பொன்னானபோது, கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெண்புகை ஒழுங்கை முழுவதும் நிற்கும். யாழ்ப்பாணத்தில் அன்று ஓடிய கார்களெல்லாம் அப்படித்தான் ஓடின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அந்தக் கார்தான் கொடிகாமம் வரை போய்ப் பெரியம்மா குடும்பத்தை ஏற்றிவந்தது. இப்போதும் மண்ணெண்ணெய் மணம் எனக்கு அடுப்பை நினைவூட்டுவதில்லை, அந்தப் பின்னிருக்கையையே நினைவூட்டுகிறது.

பிரேக் பிடிக்கும்போது அக்வாவின் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறிவிடுகிறது. சில்லின் ஓட்டம் வெப்பமாக வீணாகாமல் மின்னாகிப் பற்றரிக்குத் திரும்புகிறது. இதை வாசித்தபோது சிரித்துவிட்டேன். மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். செய்தி முடியும்வரை சுற்றவேண்டும். களைத்துக் கையை எடுத்தால் போர் நடுவழியில் நின்றுவிடும்.

நினைவு இப்படி இழுத்துக்கொண்டு போனாலும், காணியை விற்கப்போகிறவன் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

அக்வாவின் பெரிய பற்றரி பின்னிருக்கையின் கீழே இருக்கிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை, 7.2 வோல்ற் அலகுகள் 20 தொடராக இணைந்து 144 வோல்ற். தொடர் என்பதில்தான் வில்லங்கம். ஒன்று சோர்ந்தால் மற்றைய பத்தொன்பதும் அதன் தளர்நடைக்கு இணங்கவேண்டும். இந்த வகையைக் கொல்வது வெப்பம். அதைக் குளிர்விக்கும் காற்று பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்தே உறிஞ்சப்படுகிறது. எங்கள் செம்மண் புழுதி அந்த வழியில் படிந்தால் விசிறி சுற்றியும் பயனில்லை.

எனக்குத் தெரிந்த கராஜ் பையன் ஒருவனை அழைத்துப்போனேன். அவன் காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே விசிறியின் காற்றுவழியைக் கழற்றினான்; விரலால் தடவி எனக்குக் காட்டினான். பிறகு கருவியைச் செருகி, என்னை ஓட்டச்சொல்லி, பக்கத்தில் இருந்து எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஏற்றம் என்று சொல்ல எங்கள் ஊரில் எதுவுமில்லை. ஆகவே நிறுத்தி நிறுத்தி வேகமாக எடுக்கச்சொன்னான். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்து வோல்ற்தான் மற்றவற்றைவிடத் தாழ்ந்தது.

"சேர், இது ஓடும். எவ்வளவு காலம் எண்டு மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றான்.

சோர்ந்த அலகை மட்டும் மாற்றலாமே என்றேன். வேறொரு கிழட்டுப் பற்றரியிலிருந்து கழற்றியதைத்தான் போடுவார்கள், ஆறு மாதத்தில் அடுத்தது சோரும் என்றான். முழுப் பற்றரியும் புதிதென்றால் 3 இலட்சம் தாண்டும். மீற்றர் காட்டிய தூரத்தையும் அவன் நம்பவில்லை. பிரேக் மிதியின் இறப்பர் தேய்ந்திருந்ததைக் கண்ணால் காட்டினான். தரகர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து எழுதிப்பார்த்தேன். ஆண்டுக்கு நாங்கள் 5500 கிலோமீற்றர் ஓடுவோம். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் என்றால் 275 லீற்றர். 12 ஓடும் சாதாரணப் பழைய காரென்றால் ஏறத்தாழ 458. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மிச்சம் ஆண்டுக்கு 55,000 ரூபாதான். பற்றரிச் செலவை ஈடுகட்டவே ஐந்தரை ஆண்டு வேண்டும். அதிகம் ஓடுபவனுக்கு இலாபம் தரும் வாகனம் இது. மாதம் இரண்டுமுறை மருத்துவமனைக்குப் போகும் வீட்டுக்கல்ல.

ஆனால் 2022 ஐ அனுபவித்தவனால் இந்தக் கணக்கோடு நின்றுவிட முடியாது. அந்த ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. இரண்டு இரவுகள் வரிசையில் படுத்திருக்கிறேன். பிறகு கியூஆர் அட்டை வந்து காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றானது. அந்த 20 லீற்றரில் யார் எத்தனை தடவை மருத்துவமனைக்குப் போய்வர முடிந்தது என்பது ஐந்தரை ஆண்டுக் கணக்கில் வராது. தடையைக் கண்டவர்கள் சிக்கனமென்று சொல்வது பெரும்பாலும் பயத்தைத்தான். நானும் அப்படியே.

பற்றரிக்குரிய தொகையை விலையில் கழித்தால் எடுப்பதென்று ஏறக்குறைய முடிவுசெய்து, காரை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அம்மா வாசலில் நின்று நீண்டநேரம் பார்த்தார். சத்தமில்லாமல் அது உள்ளே வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இதுக்கு மண்ணெண்ணெய் விடலாமோ?"

விடக்கூடாது என்றேன். "அப்ப பிறகு தடை வந்தால்?" என்றார். என்னிடம் பதிலில்லை.

முன்னிருக்கையில் மெதுவாக இருத்தினோம். இருந்துவிட்டார். எழும்பத்தான் முடியவில்லை. இருக்கை அவ்வளவு தாழ்வு. கதவைப் பிடித்து ஒருமுறை, என் தோளைப் பிடித்து ஒருமுறை. மூன்றாம் முறை கராஜ் பையனும் சேர்ந்து தூக்கினான்.

"தரையிலை இருந்து எழும்புறமாதிரிக் கிடக்குத் தம்பி" என்றார், மூச்சு வாங்க.

இருபது அலகுகளையும் அளந்த நான் அந்த ஓர் உயரத்தை அளக்க மறந்திருந்தேன். தரகர் தானே ஓட்டிக்கொண்டு போனார். காணி கேட்டவரிடம் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

"அம்மாவுக்கு வாகன்ஆர்தான் சரி சேர், நிண்டமாதிரியே ஏறலாம்" என்கிறான் பையன். 2014 இல் வந்த வகையிலும் ஒரு சிறிய லிதியம் பற்றரி உண்டாம், முன்னிருக்கையின் கீழே. மோட்டார் தனியே காரை இழுக்காது, வேகமெடுக்கும்போது கைகொடுப்பதோடு சரி. சனிக்கிழமை சாவகச்சேரியில் ஒன்று பார்க்கலாம் என்றிருக்கிறான். இம்முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். முச்சக்கர வண்டியில்.