கம்பிக்குக் காது உண்டு

உங்கள் வீட்டில் கிடார் இருக்கிறதா? வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் பாதி கிடார்கள் வாசிப்பதற்காக இருப்பவை அல்ல. பையனோ பெண்ணோ ப்ளஸ் டூ லீவில் அடம்பிடித்து வாங்கி, நாலு மாசம் விரல் நுனி காய்த்துப்போகப் பழகி, காலேஜ் திறந்ததும் பீரோ பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் போன சாமான் அது. இருந்தால் எடுங்கள். ஒரு சின்ன விளையாட்டு.

பஸ் டிக்கெட் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, கூரை மாதிரி மடித்து, ஐந்தாவது கம்பியின் மேல் உட்கார வையுங்கள். தடிமனான ஆறாவது கம்பியை ஐந்தாவது கட்டத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டுங்கள். கிடார் சுருதி சேர்ந்திருந்தால், நீங்கள் தொடாத ஐந்தாவது கம்பி துடிக்கும். காகிதம் குதிக்கும். கட்டம் மாற்றி நாலாவதில் அழுத்தி மீட்டினால் அநேகமாகச் சும்மா கிடக்கும். அதாவது, அந்தக் கம்பி எல்லாக் குரலுக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் பெயரைச் சொன்னால் மட்டும் திரும்பும்.

கிடார் இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். மிக்ஸி ஓடும்போது அலமாரியில் இருக்கிற இருபது தட்டுகளில் ஒரே ஒரு தட்டு மட்டும் கிணுகிணுக்குமே, அதுவும் இதே சங்கதிதான். டவுன் பஸ்ஸில் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்ததும் உங்கள் ஜன்னல் கண்ணாடி மட்டும் கடகடக்கும். வேகம் கூடினால் அடங்கிவிடும்.

நான் பி.காம். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இது ரெக்கரிங் டெபாசிட். ஐந்தாவது கம்பிக்கு விநாடிக்கு 110 தடவை ஆடுவது இயல்பு. காற்று வழியாகவோ மரத்தின் வழியாகவோ அதே கணக்கில், விநாடிக்கு 110 தள்ளல் வந்தால், ஒவ்வொன்றும் பத்து பைசாதான் என்றாலும் தவணை தவறாமல் விழுவதால் சேர்ந்துகொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற தொகை. தவணை தப்பினால் போட்டது போட்டபடியே செலவாகிவிடும்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. சர் சி.வி.ராமன் 1907-ல் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் உத்தியோகம் என்ன தெரியுமா? உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல்! பகலில் சர்க்கார் வரவு செலவு, ஆபீஸ் நேரம் போக மற்ற பொழுதில் பௌபஜார் தெருவிலிருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் கம்பியும் மேளமும். பத்து வருஷம் இப்படி ஓட்டிவிட்டு, 1917-ல்தான் உத்தியோகத்தை உதறிப் பேராசிரியர் ஆனார். நம் தம்புராவும் வீணையும் ஏன் இவ்வளவு நிறைவாக ஒலிக்கின்றன என்று 1921-ல் ஒரு கட்டுரை எழுதினார். கம்பி உட்காரும் குதிரையின் வளைவில்தான் சூட்சுமம் இருக்கிறது என்றார். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு வந்ததெல்லாம் அப்புறம்.

தொடாமல் ஒலிக்கும் கம்பியை நம் ஆட்கள் வேண்டுமென்றே கட்டியும் வைத்திருக்கிறார்கள். சிதாரில் மேல் கம்பிகளுக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு மெல்லிய கம்பிகள் ஓடும். 'தரப்' என்பார்கள். அவற்றின் முக்கிய வேலை, மேலே வாசிப்பதைக் கேட்டு அதிர்வது.

இத்தனையும் உங்களிடம் சொல்லக் காரணம், ஏற்காட்டில் இருக்கும் என் அத்தை.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். ஏரிக்குப் படகு விட வருகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் இருப்பது சேர்வராயன் மலையும், சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடியும், வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் பனிமூட்டமும்தான். 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் மாதிரி பழைய போர்டிங் ஸ்கூல்கள் இருக்கிற ஊர். மாமா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே பையன் கனடாவில். அவன் விட்டுப்போன கிடார் நடு அறையில், பலகைத் தடுப்பில் அடித்த ஆணியில் தொங்குகிறது.

போன வருஷம் ஐப்பசியில் அத்தை போனில் பையனிடம் சொல்லியிருக்கிறார்: "ராத்திரியானா உன் கிடார் முனகுது சாமி. எல்லா நாளும் இல்ல. சில நாள்." அவன் பயந்துவிட்டான். எழுபத்திரண்டு வயசு, தனி வீடு, மழை, மூட்டம். யாருக்குமே பயம் வரும். சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். சேலத்தில் மனநல டாக்டரிடம் தேதி வாங்கியாயிற்று. வீட்டை விற்றுவிட்டு அத்தையைக் கீழே கொண்டுவந்து ஒரு ஃப்ளாட்டில் வைப்பது என்ற வரைக்கும் பேச்சு போய்விட்டது. அத்தையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு நாள் லீவு போட்டு மலை ஏறினேன்.

"எப்ப கேக்குதுங்க அத்தை?"

"சொன்னா நீயும் அப்படித்தான் பாப்ப கண்ணு. ராத்திரி பத்து மணிக்கு மேல. கரண்ட் போனா அவன் கம்முனு ஆயிடறான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை. கணக்குப் படித்தவனுக்கு வரவு இருந்தால் எங்கோ பற்று இருந்தாக வேண்டும். கம்பி முனகுகிறது என்றால் அந்தச் சக்தியை எவனோ கொடுக்கிறான். அவன் கரண்ட்டில் ஓடுகிறவன்.

முதல் ராத்திரி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. கொஞ்சநேரத்தில் சன்னமாக, ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு ஹம் பண்ணுகிற மாதிரி, வந்தது. உடம்பு சிலிர்த்தது என்று சொல்லத்தான் வேண்டும். எழுந்துபோய் ஐந்தாவது கம்பியில் விரல் வைத்தேன். நின்றது. எடுத்தேன். மெல்லத் திரும்ப வந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், அதே பலகையில் ஃப்ரிட்ஜின் பழைய ஸ்டெபிலைசர் திருகி மாட்டியிருக்கிறது. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சைக்கிள். அதில் ஓடும் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு அதைப் போல இரண்டு மடங்கு, 100 தடவை அதிரும். தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று இரைவது இதனால்தான். 110-ல் நிற்கவேண்டிய கம்பி, வருஷக்கணக்கில் யாரும் முறுக்காமல் ஈரத்திலும் குளிரிலும் கிடந்து தளர்ந்து, இறங்கி இறங்கி 100-க்கு வந்து நின்றிருந்தது. செல்போனில் இருக்கிற சுருதி பார்க்கும் ஆப்பும் அதைத்தான் காட்டியது. ஸ்டெபிலைசரை அணைத்தேன். நாலைந்து விநாடியில் கிடார் அடங்கியது.

சில நாள் மட்டும் ஏன் என்கிறீர்களா? மின்சாரத்தின் 50 கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். எஃகுக் கம்பியோ குளிர்ந்தால் சுருங்கி, சுருதி ஒரு நூல் ஏறும். இரண்டும் சந்திக்கிற ராத்திரிகளில் மட்டும் பாட்டு. 1665-ல் ஹைகன்ஸ் என்கிற டச்சு விஞ்ஞானி படுக்கையில் கிடந்தபடி, ஒரே உத்தரத்தில் தொங்கிய இரண்டு பெண்டுலம் கடிகாரங்கள் தாமாகவே ஒன்றுக்கொன்று இசைந்து ஆடுவதைப் பார்த்தார். கணக்கு வேறு என்றாலும், அங்கேயும் தூது போனது மரம்தான்.

விடிந்ததும் அத்தைக்குச் செய்து காட்டினேன். ஸ்விட்சை அவரே போட்டு, அவரே அணைத்துப் பார்த்தார். நாலு தடவை. காரணம் தெரிந்துவிட்டதில் வருத்தப்படுவாரோ என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "அப்ப, எனக்குக் கேட்டது நெசம்தானே?"

"நிஜம்தாங்க அத்தை. எனக்கும் கேட்டுதே."

"அதை அவன்கிட்ட சொல்லு."

அப்போதே போன் போட்டேன். அங்கே ராத்திரி. எல்லாம் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். டாக்டர் தேதியை ரத்து செய்தது அவன்தான். வீடு விற்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இப்போது அந்தப் பேச்சில் அத்தையும் இருக்கிறார்.

கிடாரை என்ன செய்வது என்று கேட்டேன். ஸ்டெபிலைசரை வேறு சுவருக்கு மாற்றலாம், அல்லது கம்பியைத் தளர்த்தி விடலாம். சுருதி சேர்த்த எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்குமேல் இழுக்கும். வாசிக்காத கிடாருக்கு அது சுமைதான். அத்தை யோசித்துவிட்டு, "சரியான சுருதியில வெச்சா?" என்றார். வைத்தால் ஸ்டெபிலைசருக்குப் பதில் சொல்லாது. விநாடிக்கு 196, 247 என்று நிற்கிற கம்பிகள் இரண்டு இருக்கின்றன. பெண்கள் பேசுகிற குரல் சாதாரணமாக அந்த வட்டாரத்தில்தான் புழங்கும். பக்கத்தில் நின்று பேசினால் லேசாகத் திருப்பிச் சொல்லும்.

"அப்படியே வெச்சிடு கண்ணு."

வைத்துவிட்டு இறங்கினேன். மாசம் ஒரு தடவை முறுக்காணியைத் திருப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செய்கிறாராம்.

ஒரு வார்த்தை பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இந்தச் சமாசாரத்துக்கு நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'ஒத்ததிர்வு' என்று பெயர். சரியான சொல்தான். இலங்கையில் இயற்பியலைத் தமிழில் படிக்கிறவர்கள் இதை 'பரிவு' என்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர், யாருக்கும் கேட்காத ஒரு சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லக்கூடும். டாக்டரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அவசியமானால் பாருங்கள். அதற்கு முன்னால், எப்போது கேட்கிறது, எப்போது நிற்கிறது என்று அவரிடமே கேளுங்கள். ஒரு ராத்திரி கூட உட்காருங்கள்.